துருவேறாத கத்தி உண்டா? பல்லாவரத்துக் கல்லிலிருந்து எவர்சில்வர் வரை

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாட்களில், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள நம் இல்லங்களில் ஓராண்டாகப் பரணில் கிடந்த கத்திகள் கீழே இறங்குகின்றன. பழைய செய்தித்தாளிலோ சாக்குத் துணியிலோ சுற்றி வைத்ததைப் பிரித்துப் பார்த்தால், பளபளப்பாக உள்ளே சென்ற அலகு பழுப்பேறி வெளியே வருகிறது. உடனே சாணை பிடிப்பவரைத் தேடி ஓட்டம் தொடங்குகிறது. சாணைக்கல் மேலே படிந்த துருவை உரித்துவிடும். துரு தின்ற குழிகளை நீக்குவதோ எளிதன்று. கூரின் விளிம்பில் அத்தகைய குழிகள் இருந்தால், கத்தி வழுக்கிச் செல்லாமல் கிழித்துச் செல்லும். அந்தக் கிழிசலின் வேதனை வாயில்லாப் பிராணிக்கு உரியதாகிவிடுகிறது.

அல்லாஹ் எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செய்நேர்த்தியையும் நற்பண்பையும், விதித்துள்ளான் என்றும், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு இலகுவளிக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் குத்பாக்களில் கேட்கிறோம். ஆனால், கத்தியைத் தீட்டும் கடமை பெருநாள் காலையில் தொடங்குவது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது, சென்ற பெருநாளன்று அறுத்து முடித்த மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அன்று கத்தியை எப்படிக் கழுவினோம், எப்படித் துடைத்தோம், எதில் வைத்தோம் என்பதே அடுத்த ஆண்டின் கூரைத் தீர்மானிக்கிறது.

நம் முன்னோர்க்கு இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உலோகம் அவர்களிடம் இருக்கவில்லை. ஆகவே கத்தியைக் காக்கும் பொறுப்பு மனிதனின் கையில் இருந்தது. அந்தப் பொறுப்பு எவ்வாறு நம் கையிலிருந்து நழுவியது என்பதை அறிய, வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வரலாறு நம் ஊருக்கு அருகிலேயே தொடங்குகிறது.

துருவை அறியாத முதல் கத்தி

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் செம்மண் சரளையில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவுலகம் ஏற்ற முதல் சான்று அதுவே. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளை அவரும் அவருடைய உடன் பணியாளரும் கண்டனர். அதிரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை கொண்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இக்கருவிகள் பல இலட்சம் ஆண்டுகள் மழையிலும் மண்ணிலும் கிடந்தும் துருவேறவில்லை. கல்லுக்குத் துரு என்பதே இல்லை. ஆனால் கல் உடையும். மெல்லிய, நீண்ட, வளைந்து கொடுக்கும் அலகாக அதை ஆக்க இயலாது. அந்தக் குறையை இரும்பு நீக்கியது. கூடவே ஒரு பகையையும் கொண்டுவந்தது.

இரும்பு பூமியில் பெரும்பாலும் தாதுவாகவே கிடைக்கிறது. தாது என்பது ஆக்ஸிஜனோடு கூடிய இரும்பு. கொல்லன் கரியையும் நெருப்பையும் கொண்டு அந்த ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கிறான். பிரிக்கப்பட்ட இரும்போ, நீரும் காற்றும் கிடைத்த கணமே தன் பழைய நிலைக்குத் திரும்ப முற்படுகிறது. அந்தத் திரும்புதலையே நாம் துரு என்கிறோம். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. உறுதியாக ஒட்டி நில்லாது, பொருக்குப் பொருக்காக உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதையும் துரு தின்னத் தொடங்குகிறது. உப்பு சேர்ந்துவிட்டால் இந்த வேலை பன்மடங்கு விரைவுபடும்.

தமிழகத்து இரும்பும் அரபுலகத்து வாளும்

தமிழகத்தில் இரும்பின் தொன்மை நாளுக்கு நாள் பின்னோக்கிச் செல்கிறது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் பயன்பாட்டை கி.மு. 4ஆம் ஆயிரமாண்டுக்கே கொண்டு செல்கிறது. அம்மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் வாள், கத்தி, ஈட்டி எனப் பல இரும்புக் கருவிகள் தாழிகளோடு கிடைத்தன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் அந்தத் தொகுப்பைக் காணலாம். ஒரு காலத்தில் எவரோ கூர்தீட்டிப் பயன்படுத்திய அலகுகள் அங்கே துருவே உருவாகக் கிடக்கின்றன.

இந்த இரும்புத் தொழில் வளர்ந்து, உருக்கு என்னும் உயர்ந்த எஃகைத் தந்தது. களிமண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் பெருவெப்பத்தில் வைத்து எடுப்பார்கள். ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரிலும் இத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் இதனை வூட்ஸ் என்றனர். அப்பெயர் தென்னிந்திய மொழிகளின் உக்கு, உருக்கு என்னும் சொற்களிலிருந்து பிறந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்தாகும்.

இலங்கையிலும் இத்தகைய தொழில் நடந்தது. அங்குள்ள சமனலவெவவில், மலைச்சரிவில் மோதும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த உலைகளை அகழ்ந்து கண்டனர். அந்த ஆய்வு 1996இல் வெளியாயிற்று. இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், பேரறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அதில் ஸரன்தீப் எனப்பட்ட இலங்கையிலிருந்து வந்த எஃகால் ஆன வாள்களை ஒரு வகையாகக் குறித்திருக்கிறார். கனிமங்களைப் பற்றி அல்பிரூனி எழுதிய நூலிலும் இரும்புக்கும் எஃகுக்கும் இடமுண்டு.

அரபு மொழியில் முஹன்னத் என்றால் ஹிந்த் நாட்டு எஃகால் செய்யப்பட்ட வாள் என்று பொருள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபியவர்களின் திருமுன் பாடிய பானத் சுஆத் கவிதையிலும் அச்சொல் இடம்பெற்றிருக்கிறது. நம் கரையிலிருந்து கப்பலேறிய எஃகின் புகழ் அரபு இலக்கியத்திற்குள்ளேயே சென்று அமர்ந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அந்தப் புகழ்பெற்ற எஃகும் துருவேறக்கூடியதே. அதில் கரிமம் மிகுதி. அதனால் கூர் நிலைத்து நின்றது. ஆனால் துருவைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. அந்த வாள்களின் மேல் நீரோட்டம் போலத் தெரியும் கோலத்தை ஃபிரிந்த் என்று அரபு நூல்கள் வருணிக்கின்றன. அக்கோலம் வெளிப்படுவதற்கு, மெருகேற்றிய அலகின் மேல் அமிலத்தன்மை கொண்ட கரைசலைப் பூசி, இரும்பைச் சிறிதே அரிக்கவிட்டு, தக்க நேரத்தில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவார்கள். அரிப்பைச் சிறிது அனுமதித்து அழகை வரவழைப்பதும், பிறகு எண்ணெயால் அதைத் தடுத்து நிறுத்துவதும் கைவினைஞனின் கைப்பக்குவமாக இருந்தன. அதன் பின், அந்த வாள் வாழ்ந்ததும் மாய்ந்ததும் அதை வைத்திருந்தவனின் கவனத்தைப் பொறுத்ததே.

பள்ளிவாசல் முற்றத்து இரும்புத் தூண்

அப்படியானால் தில்லி இரும்புத் தூண் துருவேறாமல் நிற்கிறதே என்று வினவத் தோன்றும். குத்புமினார் வளாகத்தில், குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்தில் நிற்கும் அத்தூண் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. குப்தர் காலத்தில் செய்யப்பட்டது. 1,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதன் காரணத்தை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார். கரிகொண்டு உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. காலப்போக்கில் அது இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து, தூணின் மேல் பாஸ்பேட்டால் ஆன மெல்லிய, இறுகிய படலம் ஒன்றை உண்டாக்கியது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணைநின்றது.

இந்த வழி கத்திக்குப் பயன்படவில்லை. பாஸ்பரஸ் கூடினால் இரும்பு குளிர்ந்த நிலையில் எளிதில் முறியும். அசையாமல் நிற்கும் தூணுக்கு அது பெருங்குறையன்று. மெல்லிய அலகுக்கோ அது கேடு. மேலும் கத்தி தேய்க்கப்படுவது, தீட்டப்படுவது. நூற்றாண்டுகள் கொண்டு உருவாகும் படலம் ஒரே சாணையில் போய்விடும். கத்திக்கு வேண்டியது, தேய்த்தாலும் உடனே மீண்டும் உருவாகும் படலம். அத்தகைய ஒன்று அமைவதற்கு உலகம் 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

குரோமியத்தின் வருகை

அதைத் தேடிய பயணத்திலும் நம் நாட்டு உருக்குக்கு ஒரு பங்குண்டு. 1790களில் பம்பாயிலிருந்து இலண்டன் ராயல் சொசைட்டிக்கு வூட்ஸ் கட்டிகள் அனுப்பப்பட்டன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பின்னர், கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், இளம் மைக்கேல் ஃபாரடேயுடன் இணைந்து இந்த எஃகின் மறைபொருளை அறிய முயன்றார். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். எஃகோடு வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கலந்தவற்றுள் குரோமியமும் ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1821இல், பிரான்சு நாட்டுப் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்றும், அது கத்திகளுக்குப் பயன்படக்கூடும் என்றும் எழுதினார்.

வழி தெரிந்தும் பயணம் முடிய 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கரிமம் குறைந்த தூய குரோமியம் அக்காலத்தில் கிடைக்காததே பெருந்தடை. 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைக் குறைக்க வழிதேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 100க்கு 13 பங்கு அளவில் குரோமியம் கொண்ட எஃகை வார்த்தார். ஆய்வுக்காக அதை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது அரிபடவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதைக் கறைப்படுத்தவில்லை. கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டில் பிறந்த பிரியர்லிக்கு அதன் பயன் உடனே விளங்கியது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு சிலரும் அதே காலத்தில் இத்தகைய எஃகுகளை உருவாக்கினர்.

இதன் செயல்முறை எளியது. எஃகில் குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. துருவைப் போல இது உதிர்வதில்லை. கீறினாலும் தீட்டினாலும், காற்றுப் பட்டவுடன் மீண்டும் உருவாகிவிடும்.

குரோமியம் என்ற பெயர் நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே, அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறை அங்கு நடைபெற்றது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியின் தோல் தொழிலில் நம் சமூகத்தார் பலரும் ஈடுபட்டிருந்தனர். தோலை அழுகாமல் காக்கும் உப்பிலும், கத்தியைத் துருவேறாமல் காக்கும் கலவையிலும் இருப்பது ஒரே தனிமம், வெவ்வேறு வடிவில்.

பெயர் செய்த மயக்கம்

இந்த எஃகு தமிழ் இல்லங்களுக்கு வந்தபோது அதற்கு எவர்சில்வர் என்று பெயர் வழங்கிற்று. என்றும் வெள்ளி போல் இருக்கும் என்பது அதன் பொருள். ஈயம் பூச வேண்டிய பித்தளைப் பாத்திரங்களும், புளியிட்டுத் தேய்க்க வேண்டிய செம்பும், எண்ணெய் தடவி வைக்க வேண்டிய இரும்பும் மெல்ல மெல்ல அடுக்களையை விட்டு அகன்றன. கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால் போதும் என்ற பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தைக் கத்திக்கும் பொருத்திவிட்டோம். பிழை அங்கேதான் நேர்ந்தது.

பாத்திரத்து எஃகும் கத்தி எஃகும் ஒன்றல்ல. நல்ல ரகப் பாத்திரத்தில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். அது மென்மையானது, கூர் நிற்காது. கத்திக்குக் கடினம் வேண்டும். அதற்குக் கரிமம் வேண்டும். எனவே கத்தி எஃகில் குரோமியம் 13 விழுக்காடு அளவிலேயே இருக்கும். நிக்கல் பெரும்பாலும் இராது. இருக்கும் குரோமியத்திலும் ஒரு பகுதியைக் கரிமம் பற்றிக்கொள்வதால், படலம் உண்டாக்க எஞ்சுவது இன்னும் குறைவு. ஒரு காந்தத்தை எடுத்துப் பாருங்கள். கத்தியில் அது இறுக ஒட்டும். நல்ல ரகத் தட்டிலும் தம்ளரிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஒரே கூடையில் கிடக்கும் இரண்டும் வேறு வேறு இனம் என்பது அப்போது விளங்கும்.

இந்த எஃகுக்குப் பெரும்பகை உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, காக்கும் படலத்தை ஊசி முனையளவு இடத்தில் துளைத்து, உள்ளே குழி பறிக்கும். இரத்தத்திலும் உப்பு உண்டு. அறுத்த கத்தியை இரத்தத்தோடு ஒரு வாளித் தண்ணீரில் மாலை வரை போட்டு வைப்பது, துருவுக்கு நாமே விருந்து வைப்பதாகும். போதாததற்கு நம் பகுதி கடலுக்கு அருகில் உள்ளது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு துருவேறும் வேகம் கூடுகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது. 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை அறிய மண்டபத்தில் ஒரு தனி நிலையமே நடத்தியது என்றால், கடலோரத்தில் இரும்பை வைத்திருப்போர்க்கு இது எத்துணைப் பெரிய சிக்கல் என்பதை உணரலாம்.

பழைய கையின் வழக்கம்

ஆகவே அரிவாள்மணையைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்த நம் பாட்டிமார்களின் வழக்கம் இன்றும் காலாவதியாகவில்லை. கத்தி இரும்பாயினும் எவர்சில்வராயினும், வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவுங்கள். நன்னீரில் அலசி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். கைப்பிடியும் அலகும் சேரும் இடுக்கில் ஈரம் தங்கும். அவ்விடத்தைச் சற்றுக் காற்றாட விடுங்கள். அன்றாடம் புழங்கும் கத்திக்குச் சிறிது தேங்காய் எண்ணெய் போதும். ஓராண்டு பரணில் கிடக்கப்போகும் கத்திக்குச் சமையல் எண்ணெய் ஏற்றதன்று. நாளடைவில் அது சிக்குப் பிடித்துக் கெட்டுவிடும். அதற்கு வாஸ்லினை மெல்லிய பூச்சாகத் தடவலாம். எடுக்கும்போது சோப்பிட்டு நன்கு கழுவிவிட வேண்டும்.

செய்தித்தாளும் சாக்கும் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைப்பவை. தோலுறையும் அவ்வாறே, பதனிடப் பயன்பட்ட உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கக்கூடும். உறை வெளியே எடுத்துச் செல்வதற்கு உரியது, உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு உரியதன்று. எண்ணெய் பூசிய அலகை உலர்ந்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைப்பதே நன்று. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, சிறப்பாக வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், எடுத்துப் பாருங்கள். மேலாகப் படிந்த துருவைப் புளியோ எலுமிச்சையோ கொண்டு தேய்த்து நீக்கலாம்; நீக்கிய பின் அந்தப் புளிப்பு அலகில் தங்காதபடி கழுவித் துடைப்பது கட்டாயம். தீட்டும் வேலையைப் பெருநாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிராணியைக் கிடத்திவிட்டு அதன் முன்னே கத்தி தீட்டியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள்.

திருமறையின் 57ஆம் அத்தியாயத்திற்கு அல்ஹதீத், அதாவது இரும்பு, என்றே பெயர். அதன் 25ஆம் வசனம், இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பல பயன்களும் இருப்பதை நினைவூட்டுகிறது. 83ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனமோ, மனிதர் செய்துவந்த தீவினைகள் அவர்களின் உள்ளங்களில் ரான் எனப்படும் கறையாகப் படிவதைச் சொல்கிறது. அதைத் துரு என்றே விளக்கிய அறிஞர்களும் உண்டு. உள்ளத்தின் துருவும் ஒரே நாளில் படிவதில்லை. பாவம் ஒரு கரும்புள்ளியாக விழுகிறது என்றும், பாவமன்னிப்புத் தேடினால் உள்ளம் மீண்டும் மெருகு பெறுகிறது என்றும் திர்மிதீயில் இடம்பெற்றுள்ள நபிமொழி கற்பிக்கிறது.

இவ்வாண்டு பெருநாள் மாலையில், இறைச்சியைப் பங்கிட்டு முடித்த களைப்பில் கத்தியை ஓரமாகப் போட்டுவிடாமல், வீட்டுப் பிள்ளை ஒருவரை அழைத்து அதைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசும் முறையைக் கற்றுக்கொடுங்கள். அதுவும் குர்பானியின் ஒழுக்கங்களில் அடங்கியதே என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். எச்செயலையும் செய்நேர்த்தியோடு செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.